நான்கு தடவை சம்பியன், பட்டியலில் பெயர் இல்லை

டிரெஸ்டன் நகரத் தொழிலாளர்களின் உதைபந்துக் கழகம் 23 ஆண்டுகளில் எழுந்து அழிந்த கதை. கல்முனைக் கரையிலிருந்து ஒரு பார்வை

1924 நூரம்பேர்க், 1925 மறுபடியும் நூரம்பேர்க், 1926 ஃபியூர்த், 1927 திரும்பவும் நூரம்பேர்க். ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனம் வைத்திருக்கும் தேசிய சம்பியன்களின் பட்டியல் அந்த நான்கு ஆண்டுகளுக்கும் இப்படித்தான் போகிறது. பட்டியலில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் அதே நாட்டில் இன்னொரு தேசிய சம்பியனும் இருந்தது. நான்கு ஆண்டும் ஒரே கழகம்: எல்பே ஆற்றங்கரையில் உள்ள டிரெஸ்டன் நகரத்தின் விளையாட்டுக் கழகம் 1910, சுருக்கமாக எஸ்.வி. 1910. தொழிலாளர்கள் தாங்களே அமைத்து, தாங்களே நடத்திய ஒரு தனிச் சம்மேளனத்தின் பட்டத்தை அது தொடர்ந்து நான்கு தடவை வென்றது. 1933இல் ஹிட்லரின் அரசாங்கம் அதை இல்லாமலாக்கியது. கழகத்துக்கு அப்போது வயது 23.

எங்கோ ஐரோப்பாவில் தொண்ணூறு வருடத்துக்கு முன் மூடப்பட்ட கழகத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையில் உதைபந்து ஆடுகிறவர்கள் யார் என்று பார்த்தால் சம்பந்தம் தெரியும். தறியில் இருந்தவன், கரைவலை இழுத்தவன், போடியாரின் வயலில் கூலிக்குப் போனவன், மேசனுக்குக் கையாளாக நின்றவன். அசர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான் அவனுடைய நேரம். அந்த நேரத்தை வைத்துத்தான் இங்கே கழகங்கள் உருவாகின. உலகக் கிண்ணம் வந்தால் பிரேசிலுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் கொடி கட்டுகிற நமக்கு, நம்மைப் போன்றவர்கள் ஒரு காலத்தில் தங்களுக்கென்று தனி உலகக் கிண்ணமே நடத்தினார்கள் என்ற செய்தி வந்து சேரவில்லை. அது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜேர்மனியிலும் பலருக்கு அது தெரியாது.

ஒரு நாடு, இரண்டு உதைபந்து

கதை உதைபந்தில் தொடங்கவில்லை, உடற்பயிற்சியில் தொடங்குகிறது. 1878 முதல் 1890 வரை ஜேர்மனியில் சோசலிஸ்டுகளுக்கு எதிரான தடைச்சட்டம் இருந்தது. கூட்டம் கூடினால் பொலிஸ், பத்திரிகை அச்சிட்டால் பொலிஸ். சட்டம் நீங்கிய மூன்றாவது வருடம், 1893இல், கேரா என்ற ஊரில் தொழிலாளர் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்று பிறந்தது. அரசரையும் இராணுவத்தையும் போற்றிய பழைய உடற்பயிற்சிச் சங்கங்களில் தொழிலாளிக்கு மரியாதை இல்லை. ஆகவே தனியாக ஒன்று. மற்றவர்கள் தேசபக்திப் பாட்டுப் பாடிய இடத்தில் இவர்கள் ‘ஃப்ரை ஹைல்’ என்று சொல்லி ஒருவருக்கொருவர் வணக்கம் சொன்னார்கள்.

உதைபந்தை இந்தச் சங்கம் ஆரம்பத்தில் விரும்பவே இல்லை. போட்டியும் கிண்ணமும் தோழமையைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். மறுபக்கத்தில், 1900ஆம் ஆண்டு லைப்சிக்கில் தொடங்கிய ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனம் வசதியுள்ளவர்களின் கையில் இருந்தது: எழுதுவினைஞர்கள், வர்த்தகர்கள், உயர்பள்ளி மாணவர்கள். நிலைமையை மாற்றியது பந்து அல்ல, கடிகாரம். 1918 நவம்பரில் மன்னராட்சி கவிழ்ந்ததும் தொழிலாளிக்கு எட்டு மணிநேர வேலைநாள் கிடைத்தது. பத்து, பதினொரு மணிநேரம் உழைத்தவனுக்குத் திடீரென்று ஒரு மாலைப்பொழுது கைக்கு வந்தது. நாடு முழுக்க மைதானங்கள் நிரம்பின. 1919இல் சங்கத்தின் பெயரிலேயே விளையாட்டு சேர்ந்தது: தொழிலாளர் உடற்பயிற்சி விளையாட்டுச் சம்மேளனம். அடுத்த வருடமே அதன் முதலாவது தேசிய உதைபந்துச் சம்பியன் போட்டி நடந்தது.

1920கள் முடிகையில் தொழிலாளர் விளையாட்டு அமைப்புகள் எல்லாவற்றிலும் சேர்த்து 12 இலட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். உதைபந்து ஆடியவர்கள் மட்டும் இலட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களுக்கென்று தனிச் சைக்கிள் சங்கம், அந்தச் சைக்கிள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒஃபன்பாக் நகரில் ஒரு சைக்கிள் தொழிற்சாலை, முதலுதவிக்கு ஒரு சங்கம், லைப்சிக்கில் 1926இல் திறந்த ஒரு பெரிய பயிற்சிக் கல்லூரி. ஒரு தொழிலாளி தொட்டிலிலிருந்து கப்ரு வரைக்கும் இந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்துவிடலாம் என்கிற அளவுக்கு அது விரிந்தது. இலங்கையில் ஏ.ஈ. குணசிங்க 1922இல் இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தொடங்கிய அதே காலம் இது. நம்முடைய தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பேசின, வேலைநிறுத்தத்தைப் பேசின. மைதானத்தைப் பற்றி அவை யோசித்ததில்லை.

சிகரெட் புகையும் மினாராவும்

சக்ஸனி மாநிலம் இந்த இயக்கத்தின் இதயம். நெசவாலை, இயந்திரம், அச்சகம், கமரா என்று தொழில்கள் அடர்ந்த பகுதி. 1921 முதல் 1923 வரை மூன்று தடவை தொழிலாளர் சம்பியன் பட்டம் வென்றது லைப்சிக்கின் ஸ்டோட்டரிட்ஸ் கழகம். பிறகு நான்கு தடவை டிரெஸ்டன் எஸ்.வி. 1910. ஆக, ஏழு வருடம் பட்டம் சக்ஸனியை விட்டு வெளியே போகவில்லை.

டிரெஸ்டனுக்குப் போகிற எந்த முஸ்லிமும் ஒரு தடவை நின்று பார்க்கிற கட்டடம் ஒன்று அங்கே உண்டு. ரயிலில் நகரத்துக்குள் நுழையும்போதே ஜன்னல் வழியே பெரிய வண்ணக் கண்ணாடிக் குப்பாவும் மினாராக்களும் தெரியும். பள்ளிவாசல் என்று நினைத்து ஸலவாத்துச் சொல்லிவிட வேண்டாம். அது 1909இல் கட்டி முடித்த யெனிட்சே என்ற சிகரெட் தொழிற்சாலை. உஸ்மானிய நிலத்திலிருந்து வந்த புகையிலைக்கு விளம்பரமாக முதலாளி அப்படிக் கட்டச் சொன்னார். மினாரா போலத் தெரிவது புகைபோக்கி. அதை வரைந்த கட்டடக் கலைஞர் மார்ட்டின் ஹம்மிட்ஸ் பின்னாளில் ஹிட்லரின் தந்தைக்கு வேறொரு தாயிடம் பிறந்த சகோதரியைத் திருமணம் செய்தார் என்பது தனிக்கதை. நகரம் எப்படிப்பட்டது என்பதற்கு அந்தக் கட்டடம் போதும்: மேலே அலங்காரம், உள்ளே ஆயிரக்கணக்கான கைகள். அந்தக் கைகளின் நகரத்தில்தான் எஸ்.வி. 1910 வளர்ந்தது.

அதே நகரத்தில் டிரெஸ்டன் எஸ்.சி. என்று இன்னொரு கழகம் இருந்தது. அது பெரிய சம்மேளனமான ஜேர்மன் உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் ஆடியது. பணமும் பெயரும் அதன் பக்கம். 1930 மே மாதம் பெர்லினில் ஜேர்மனியும் இங்கிலாந்தும் 3-3 என்று சமனாக ஆடியபோது ஜேர்மனியின் மூன்று கோல்களையும் அடித்த ரிச்சர்ட் ஹொஃப்மன் அந்தக் கழகத்து ஆள்தான். நகரம் முழுக்க அவர் முகம் தெரியும். சிகரெட் விளம்பரத்துக்குப் படம் கொடுக்கும் அளவுக்குத் தெரியும். அந்த விளம்பரத்தாலேயே பின்னால் தேசிய அணியையும் இழந்தார்.

அப்படியானால் நான்கு தடவை சம்பியனான எஸ்.வி. 1910இன் முன்வரிசையில் யார் ஆடினார்கள்? இந்தக் கேள்விக்கு அன்றைய தொழிலாளர் பத்திரிகையைப் புரட்டினால் திகைப்புத்தான் மிஞ்சும். கோல் அடித்தவரின் பெயரை அந்தப் பத்திரிகைகள் பெரும்பாலும் போடுவதில்லை. இடது ஓரத்தில் ஆடியவர் பந்தைக் கொடுத்தார், நடுவில் நின்றவர் வலைக்குள் போட்டார் என்று செய்தி வரும். கொள்கை முடிவு அது. ஒருவனைத் தூக்கி வைத்தால் மற்ற பத்துப் பேர் கீழே போவார்கள். நட்சத்திரத்தை உண்டாக்கினால் அவனை விலைக்கு வாங்க ஒருவன் வருவான். ஆகவே பெயர் வேண்டாம், அணி போதும்.

கொள்கையாக அது உயர்ந்தது. நான் அதைக் கேலி செய்யமாட்டேன். இன்று பதினெட்டு வயதுப் பையனுக்குக் கோடிக் கணக்கில் விலை பேசுகிற சந்தையைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பயம் நியாயமாகவே படும். ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. பெயரை எழுதாதவர்களின் கழகத்தைப் பிறகு அழிப்பது சுலபமாயிற்று. தேடிப் பிடித்து அழிக்க வேண்டிய பெயர்களே கொஞ்சம்தான்.

கொடியில்லாத உலகக் கிண்ணம்

முதலாம் உலகப் போருக்குப் பிறகு ஜேர்மனியை ஒலிம்பிக்கில் சேர்க்கவில்லை. 1920இல் அன்ட்வேர்ப்பில் இடமில்லை, 1924இல் பரிஸிலும் இல்லை. ஜேர்மன் தேசிய அணி பிரான்ஸோடு முதன்முதலில் ஆடியது 1931 மார்ச்சில்தான். தொழிலாளர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஒருவரையொருவர் சுட்ட பதுங்குகுழிகளின் ஈரம் காயுமுன்னே அவர்கள் எதிரி நாட்டுத் தொழிலாளர்களோடு ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

1925 ஜூலையில் பிராங்பேர்ட் நகரில் முதலாவது தொழிலாளர் ஒலிம்பியாட் நடந்தது. புதிதாகக் கட்டிய காட்டு மைதானம் (இன்றைக்கும் அங்கே முதற்பிரிவு உதைபந்து நடக்கிறது). தேசியக் கொடிகள் இல்லை, தேசிய கீதம் இல்லை. எல்லோருக்கும் ஒரே செங்கொடி. ‘இனிப் போர் வேண்டாம்’ என்பது விழாவின் முழக்கம். உதைபந்து இறுதிப் போட்டியில் ஜேர்மன் தொழிலாளர் அணி பின்லாந்தை 2-0 என்று வென்றது. 

அடுத்தது 1931, வியன்னா. அந்த விழாவுக்காகவே பிராட்டர் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஹங்கேரிக்கு எதிரான போட்டியை ஜேர்மனி 9-0 என்று வென்றது. அதில் ஏழு கோல் ஒரே ஆளுடையது. ஹம்பேர்க் துறைமுகத்தில் வேலை செய்த எர்வின் ஸேலர். இறுதிப் போட்டியில் ஒஸ்திரியா 3-2 என்று ஜேர்மனியை மடக்கியது.

இந்த ஸேலரின் கதை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அவர் ஆடியது ஹம்பேர்க்கின் ரோத்தன்பேர்க்ஸோர்ட் என்ற தொழிலாளர் பகுதியின் லோர்பேர் 06 கழகத்துக்கு. 1929இலும் 1931இலும் தொழிலாளர் சம்பியன் அந்தக் கழகம். ஏழு கோல் அடித்த அடுத்த வருடமே அவர் லோர்பேரை விட்டு, பெரிய சம்மேளனத்தில் இருந்த விக்டோரியா கழகத்துக்குப் போய்விட்டார். தொழிலாளர் இயக்கத்தின் கட்சிப் பத்திரிகை அவரை வழிதவறியவர் என்று திட்டியது. பொருளாதாரம் சரிந்து இலட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்ற 1932 அது. கொள்கையை எழுதியவர்களின் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கலாம். துறைமுகக் கூலியின் வீட்டு நிலைமை வேறு. நம் ஊரில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இராணுவக் கழகத்துக்கோ பொலிஸ் கழகத்துக்கோ வேலைக்காகப் போனால் யாராவது அவனைத் துரோகி என்பார்களா? அவன் உம்மா ஸஜ்தா செய்து சுக்ர் சொல்லுவாள். ஸேலரை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அவருடைய மகன் ஊவே ஸேலர் 1958 முதல் 1970 வரை நான்கு உலகக் கிண்ணங்களில் மேற்கு ஜேர்மனிக்கு ஆடினார்; 1966இல் தலைவராக இருந்தார். மகனை உலகம் அறியும். வாப்பாவின் ஏழு கோல் அடிக்குறிப்பாகக் கூட வருவதில்லை.

முதலில் உள்ளே உடைந்தது

எஸ்.வி. 1910ஐ நாஸிகள் கொன்றார்கள் என்று ஒரே வரியில் எழுதி முடிக்கலாம். அது உண்மையின் பாதி. மற்றப் பாதியைத் தொழிலாளர்கள் தாங்களே செய்தார்கள்.

ஜேர்மன் தொழிலாளர் இயக்கம் அப்போது இரண்டாகப் பிளந்திருந்தது: ஒருபக்கம் சமூக ஜனநாயகக் கட்சி, மறுபக்கம் கம்யூனிஸ்ட் கட்சி. சர்வதேச அளவிலும் ஒன்றுக்கு இரண்டு விளையாட்டு அமைப்புகள். 1920இல் லூசேர்னில் தொடங்கியது ஒன்று, 1921இல் மொஸ்கோவில் தொடங்கியது மற்றொன்று. 1928 தொடக்கம் தொழிலாளர் சம்மேளனம் கம்யூனிஸ்டுகளை வெளியேற்ற ஆரம்பித்தது. கம்யூனிஸ்டுகளும் சும்மா இருக்கவில்லை. சமூக ஜனநாயகவாதிகளை ‘சமூக பாசிஸ்டுகள்’ என்று அழைத்து, தங்களுக்கென்று ‘செவ்விளையாட்டு’ என்ற தனி அமைப்பைக் கட்டினார்கள். தனி லீக், தனிச் சம்பியன். ஒரு தெருவில் இரண்டு தொழிலாளர் கழகம். மைதானத்துக்குச் சண்டை, கோல் கம்பத்துக்குச் சண்டை, சந்தாக் கணக்குக்குச் சண்டை.

டிரெஸ்டன் எஸ்.வி. 1910 கம்யூனிஸ்டுகளின் பக்கம் போனது. 1931இல் செவ்விளையாட்டு அமைப்பின் சம்பியன் பட்டத்தை வென்றது. ஐந்தாவது தேசியப் பட்டம் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் நான்கு வருடத்துக்கு முன் நாட்டிலுள்ள எல்லாத் தொழிலாளர் கழகங்களையும் தாண்டி வென்றவர்கள், இப்போது பாதி நாட்டின் சம்பியன். அந்த வருடமே மற்றப் பாதிக்கு ஹம்பேர்க் சம்பியன்.

தேர்தல் வந்தால் கழகத்தின் நிர்வாகக் கூட்டம் கட்சிக் கூட்டமாக மாறுவதையும், தோற்ற தரப்பு அடுத்த மாதமே புதுப் பெயரில், புது ஜேர்சியில், பழைய கழகத்தின் பாதி ஆட்களோடு இறங்குவதையும் இந்தக் கரையில் கண்டவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

1933 ஜனவரி 30 ஹிட்லர் பதவியேற்றார். பெப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் வந்த அவசர ஆணை குடிமக்களின் உரிமைகளை நிறுத்தியது. பொலிஸுக்கும் ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படைக்கும் தடையில்லை. கம்யூனிஸ்ட் கழகங்கள் முதலில் போயின, சமூக ஜனநாயகக் கழகங்கள் சில வாரங்களில் பின்னால் போயின. பிரிந்து நின்று ஒருவரையொருவர் ஏசியவர்களை நாஸிகள் பிரித்துப் பார்க்கவில்லை. மைதானங்கள், உடைமாற்றும் அறைகள், வங்கிக் கணக்கு, ஜேர்சி, பந்து எல்லாம் பறிமுதல். லைப்சிக்கின் பயிற்சிக் கல்லூரியும் அந்த வசந்தத்தில் பறிபோனது. தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே மண் சுமந்து சமப்படுத்திய மைதானங்கள் பல ஊர்களில் பக்கத்துக் கழகத்தின் கைக்குப் போயின.

பெரிய சம்மேளனம் என்ன செய்தது? அதன் தலைவர் ஃபெலிக்ஸ் லின்னமன் ஒரு பொலிஸ் அதிகாரி. அந்த ஏப்ரலிலேயே யூதர்களும் மார்க்ஸியவாதிகளும் கழகங்களில் முன்னணிப் பொறுப்பு வகிக்க முடியாதென்று அவரது சம்மேளனம் அறிவித்துவிட்டது. பீபா ஒன்றும் சொல்லவில்லை. 1934 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனி ஆடி மூன்றாம் இடம் பெற்றது. அரசாங்கத் தலையீடு என்ற காரணத்தைக் காட்டி 2023 ஜனவரியில் நம் நாட்டைப் பீபா இடைநிறுத்தி, ஓகஸ்ட் வரை இலங்கை அணியை எங்கும் ஆடவிடாமல் வைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். 1933இன் ஜேர்மனியில் இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் சம்மேளனம் ஒன்றை அரசாங்கம் விழுங்கியபோது அந்த விதி பிறந்திருக்கவில்லை.

ஹைன்ஸ் ஷ்டையர்

பெயர் எழுதாத கழகத்தில் ஒரு பெயர் மட்டும் கல்லில் வெட்டப்பட்டு நின்றது. 1909 டிசம்பரில் டிரெஸ்டனில் பிறந்த ஹைன்ஸ் ஷ்டையர் எஸ்.வி. 1910இல் ஆடியவர், கம்யூனிஸ்ட். நாஸிகள் வந்த பிறகும் ஒளிந்து வேலை செய்தார். பிடிபட்டுச் சிறை சென்றார். அரசியல் கைதிகளுக்கு ஆயுதம் ஏந்தும் தகுதியில்லை என்று முதலில் ஒதுக்கி வைத்த இராணுவம், ஆள் பற்றாக்குறை வந்ததும் 1942இலிருந்து அவர்களையும் இழுத்து 999 என்ற எண்ணுள்ள தண்டனைப் பிரிவில் போட்டது. ஷ்டையர் அப்படித்தான் ஜேர்மன் சீருடையில் கிரேக்கத்துக்குப் போனார். அங்கே போய், தான் அடக்க வேண்டியிருந்த கிரேக்கக் கெரில்லாக்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். 1944 ஜூலையில் ஜேர்மன் இராணுவமே அவரைச் சுட்டுக் கொன்றது. 34 வயது.

தொழிலாளர் விளையாட்டிலிருந்து இப்படிப் போனவர் அவர் ஒருவரல்ல. பெர்லின் மல்யுத்த வீரர் வேர்னர் ஸேலன்பிண்டர் 1936 ஒலிம்பிக்கில் நாலாம் இடம் பெற்றவர். 1944 ஒக்டோபரில் பிரண்டன்பேர்க் சிறையில் அவர் தலையை வெட்டினார்கள். செவ்விளையாட்டு அமைப்பின் தலைவர் ஏர்ன்ஸ்ட் குரூபே 1945இல் பேர்கன்-பெல்ஸன் முகாமில் இறந்தார்.

போர் முடிந்து டிரெஸ்டன் சோவியத் பகுதிக்குள் வந்தது. புதிய ஆட்சி நகரத்தின் பெரிய விளையாட்டரங்கத்துக்கு ஹைன்ஸ் ஷ்டையரின் பெயரை வைத்தது. அந்த அரங்கம் எது தெரியுமா? ஹொஃப்மன் ஆடிய, 1943இலும் 1944இலும் தேசிய சம்பியனான, அந்த வசதிக்காரக் கழகம் டிரெஸ்டன் எஸ்.சி.யின் சொந்த வீடு. 1950 ஏப்ரலில் அந்த அரங்கத்தில்தான் அந்தக் கழகத்தின் வழிவந்த அணி ஸ்விக்காவுடன் 5-1 என்று தோற்றது, நடுவர் பக்கம் சாய்ந்தார் என்று சனம் மைதானத்துக்குள் இறங்கியது, அணியைக் கலைத்தார்கள். அதில் இருந்த ஹெல்முட் ஷொன் மேற்கே போய், 1974இல் மேற்கு ஜேர்மனிக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த பயிற்சியாளரானார்.

கவனிக்க வேண்டியது இதுதான். தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட ஆட்சி, தொழிலாளர் வீரனின் பெயரை அரங்கத்துக்கு வைத்தது. அவனுடைய கழகத்தை மீட்டுக் கொடுக்கவில்லை. தங்களுக்குள் தாங்களே கூடி நடத்துகிற கழகம் எந்த அரசுக்கும் தொந்தரவுதான் போலும். அங்கே பின்னர் எழுந்த டைனமோ டிரெஸ்டன் பொலிஸின் கழகமாகத் தொடங்கியது. மேற்கிலும் பழைய தொழிலாளர் சம்மேளனம் மீளவில்லை. அதன் மிச்சத் தலைவர்கள், இனி வர்க்கத்துக்கொரு விளையாட்டு வேண்டாம், எல்லோருக்கும் ஒன்றே போதும் என்று முடிவெடுத்தார்கள். ஹிட்லரைக் கண்டவர்களின் அந்த முடிவைக் குறை சொல்லக் கடினம். ஆனால் தொழிலாளர் சம்பியன்களின் பதின்மூன்று ஆண்டுப் பட்டியல் அத்தோடு கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. இன்று அரங்கத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள், ஷ்டையரின் பெயர் அப்படியே இருக்கிறது. ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் அவர் எந்தக் கழகத்து ஆள் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆடுகிறவன் யார், நடத்துகிறவன் யார்

தொழிலாளர் ஆடிய கழகங்களுக்கு உலகில் பஞ்சமில்லை. ஆர்ஸனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலை வேலையாட்கள் தொடங்கியது. மன்செஸ்டர் யுனைட்டட் 1878இல் ரயில்வே தொழிலாளர்களுடையது. ஜேர்மனியின் ஷால்க 04 சுரங்கத் தொழிலாளர் பகுதியின் கழகம். ஆனால் அது பெரிய சம்மேளனத்தில்தான் ஆடியது. உண்மையைச் சொன்னால் அன்றைய ஜேர்மன் தொழிலாளரில் பெரும்பான்மையோர் அப்படிப்பட்ட கழகங்களில்தான் ஆடினார்கள். எஸ்.வி. 1910ஐ வேறுபடுத்துவது அது தொழிலாளர் நடத்திய சம்மேளனத்தில் ஆடியது என்பதுதான்.

இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் கட்டாரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். 2022 உலகக் கிண்ணத்துக்கு அரங்கங்கள் கட்டிய காலத்தில், 2013 முதல் அங்கே ‘வேர்க்கர்ஸ் கப்’ என்று தொழிலாளர்களுக்கான சுற்றுப்போட்டி நடந்தது. அதைப் பற்றி அதே பெயரில் 2017இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. ஆபிரிக்கரும் தெற்காசியரும் ஆடினார்கள், திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அணி கம்பனியுடையது, ஜேர்சியில் கம்பனியின் பெயர், நடத்தியது உலகக் கிண்ண ஏற்பாட்டுக் குழுவும் கட்டாரின் உதைபந்து லீக்கும். தொழிலாளிக்கு அங்கே ஆட்டம் இருந்தது, கழகம் இல்லை. 1920களின் டிரெஸ்டன் தொழிலாளி இதைக் கண்டால் சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன். அவனுடைய கழகத்தில் செயலாளரைத் தெரிவு செய்ய அவனுக்கு வாக்கு இருந்தது.

அந்த அளவுகோலில் வைத்தால் இந்தக் கரையின் கழகங்கள் கட்டாரின் கம்பனி அணிகளைவிட டிரெஸ்டனுக்குத்தான் நெருக்கம். சந்தா போட்டு, வெளிநாட்டிலிருந்து வருகிற தம்பியிடம் பந்தும் பூட்ஸும் கேட்டு வாங்கி, ரமழானுக்குப் பின் சுற்றுப்போட்டி வைத்து, போடியாரிடமும் கடைக்காரரிடமும் கிண்ணத்துக்குக் காசு கேட்டு, தாங்களே நடத்துகிறவை. சந்தாங்கேணி மைதானத்தில் ஓர் இறுதிப் போட்டிக்குக் கூடுகிற சனத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும். இங்கே நட்சத்திரங்களும் உண்டு, பெயரும் உண்டு. ஒலிபெருக்கி அறிவிப்பாளர் ஒவ்வொரு கோலுக்கும் ஆளின் பெயரை வாப்பாவின் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லுவார். டிரெஸ்டன்காரர்கள் செய்த அந்தத் தவறை நாம் செய்யவில்லை.

ஆனால் எழுதி வைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரைகளில் உயிர்களோடும் வீடுகளோடும் சேர்ந்து எவ்வளவோ கடதாசிகளும் படங்களும் போயின. மிஞ்சியதைக் கறையான் தின்கிறது. 1960களில், 70களில் ஆடியவர்கள் இப்போது எண்பதைத் தொடுகிறார்கள். எஸ்.வி. 1910இன் நிர்வாக ஏடுகளை அள்ளிக்கொண்டு போகச் சர்வாதிகாரி ஒருவர் தேவைப்பட்டார். நமக்கு அவர் தேவையில்லை.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அணிப் படம் இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக இந்த வாரமே பின்பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டையும், எந்தக் கிண்ணம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கழகச் செயலாளர்கள் தங்கள் கூட்டக் குறிப்புப் புத்தகங்களையும், மைதானக் காணியின் பத்திரங்களையும், பழைய தினகரன், வீரகேசரி வெட்டுத்துண்டுகளையும் படமெடுத்து ஒரு பிரதியை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கும், இன்னொன்றை 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிற நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். அடுத்த சுற்றுப்போட்டிக்குக் கிண்ணம் வாங்க ஒதுக்குகிற காசில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்குங்கள்.